கேட்காமலே விட்டுக்கொடுத்த தண்ணீர்

பன்றிக்கு வியர்க்காது. பண்ணையைப் பார்க்க வந்த எவரிடமும் அத்தான் முதலில் சொன்ன செய்தி இதுதான். உடம்பின் சூட்டைத் தணித்துக்கொள்ள வேறு வழியில்லாததால்தான் அது சேற்றைத் தேடுகிறது. சுத்தமான தண்ணீரும் நிழலும் கிடைத்தால் சேற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்பார். வந்தவர்கள் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே தலையாட்டுவார்கள்.

அத்தான் என் அக்காவின் கணவர். ஜி.எஸ்.டி. சாலையோரத் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் மேற்பார்வையாளராக இருந்தவர். இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில ஆண்டுகளில் அந்த ஆலை மூடப்பட்டது. அதன்பின், அவருடைய வயதுக்குக் கிடைத்த வேலைகள் எல்லாம் ஏதாவது ஒரு வாசலில் சீருடை அணிந்து நின்று வண்டிகளுக்குக் கதவு திறந்துவிடும் வேலைகளாகவே இருந்தன. அவர் அதற்கு இசையவில்லை. மாடம்பாக்கத்துக்கு அப்பால், மனைகளாகப் பிரிந்துகொண்டிருந்த வயல்களின் ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பன்றி வளர்க்கத் தொடங்கினார். அக்கா பள்ளி ஆசிரியை. வீடு அவளுடைய சம்பளத்தில் நடந்தது. நான் சமூகப்பணியில் பட்டம் பெற்று, சேலையூரில் அவர்களுடன் தங்கி, ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்து வந்தேன். பண்ணை நிலைத்தால் அத்தான் எந்த வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் வேறு எந்தக் கேள்வியும் இதற்கு இணையாக இருக்கவில்லை.

அவர் அதை ஒரு தொழிலாகவே செய்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அரசுப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்த பிறகே முதல் குட்டிகளை வாங்கினார். எல்லாம் வெள்ளை யார்க்‌ஷயர் இனம். தரை சிமெண்டால் ஆனது, கழுவிய நீர் தேங்காமல் ஓடும் அளவுக்குச் சரிவு வைத்தது. குட்டி போடும் அறையில் சுவரை ஒட்டி இரும்புக் குழாய்களைப் பதித்திருந்தார். தாய் புரண்டு படுக்கும்போது குட்டிகள் நசுங்காமல் அந்த இடைவெளிக்குள் ஒதுங்கிக்கொள்ளும். தாய்ப்பாலில் இரும்புச்சத்து போதாது என்று பிறந்த சில நாட்களிலேயே குட்டிகளுக்கு ஊசி போடச் செய்வார். பலசாலிகள் எளியவற்றின் பங்கைத் தின்றுவிடாமல் அளவு பார்த்துப் பிரித்துத் தனித்தனியே தீனி வைப்பார். இந்த ஒழுங்கைப் பார்க்கும்போது, மூடிப்போன ஆலையின் ஒரு பகுதியை அவர் இங்கே கொண்டுவந்து ஓட்டுகிறார் என்று எனக்குத் தோன்றும்.

தீனியில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கொஞ்சம்தான். பெரும்பகுதி கல்யாண மண்டபங்களிலும் விடுதிகளிலும் மிஞ்சிய சாப்பாடு. அதை நீல நிற டிரம்களில் ஏற்றி, மீன்பாடி எனப்படும் மூன்று சக்கர வண்டியில் ஒருவர் கொண்டுவருவார். அண்டாவில் கொட்டிக் கொதிக்க வைத்து, ஆறவைத்த பிறகே பன்றிகளுக்குப் போடுவது. பச்சையாகப் போட்டால் நோய் வரும் என்பதில் அத்தான் கண்டிப்பாக இருந்தார். மண்டபச் சாப்பாடு தின்பதால் வண்டிக்காரர் பன்றிகளுக்கு மாப்பிள்ளைகள் என்று பெயர் வைத்திருந்தார்.

"இன்னா டீச்சர், மாப்ளைங்களுக்கு இன்னிக்கு அல்வா கீது. பொண்ணு வூட்டுக்காரங்க செம தாராளம்."

"அப்படிக் கூப்பிடாதீங்கண்ணா. நாளைக்கு இதுங்களை வண்டியில ஏத்தும்போது எனக்கு அழுகை வந்துடும்."

"அய்ய, எந்த மாப்ளைய ஏத்தி அனுப்புனா பொண்ணு வூட்ல அழுதாங்க? வுட்டது சனியன்னு சிரிப்பாங்க!"

அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொள்வாள். பள்ளி விட்டதும் அவள் நேரே பண்ணைக்குத்தான் வருவாள்; சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அண்டாவைக் கிளறுவாள். ஆனால் அங்கிருந்து வெளியே கால் வைக்கும்போது அவளிடம் ஒரு தயக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். தெருமுனைக் குடியிருப்பின் பிள்ளைகள் பலர் அவளுடைய வகுப்பில் படித்தார்கள். அவர்களுடைய பெற்றோர் தன்னைக் கடந்து போகும்போது முகம் சுளிக்கிறார்களா என்று அவள் ஓரக்கண்ணால் பார்ப்பதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். பெரும்பாலும் யாரும் சுளிக்கவில்லை. அதை அவள் நம்பவில்லை.

மழை பொய்த்த ஆண்டுகள் அவை. தாம்பரத்திலிருந்து கீழ்க்கட்டளை வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும் தண்ணீர் லாரியும் அதன் பின்னால் பிளாஸ்டிக் குடங்களும் தென்படும். குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டு ஆழ்துளைக் கிணறாகக் காற்றை இறைக்கத் தொடங்கியது. பண்ணையில் இருந்த கிணறு பழையது, ஆழமானது. அதில் தண்ணீர் இருந்தது.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் குடியிருப்போர் சங்கத்திலிருந்து எங்களைப் பேச அழைத்தார்கள். சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற அரசு அலுவலர். அவர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். நாங்கள் மூவரும் போனோம். சண்டை வரும் என்று எதிர்பார்த்துப் போன எங்களுக்கு அங்கிருந்த கலகலப்பே திகைப்பைத் தந்தது.

"சாயங்காலம் மாடிக்குப் போக முடியல சார். காத்து இந்தப் பக்கம் திரும்பினா, வைஃப் தலையில வச்ச மல்லிப்பூவே பன்னி வாசனை அடிக்குது," என்றார் ஒருவர்.

"அதைப் போய் வீட்ல சொல்லிடாதீங்க, அப்புறம் நீங்கதான் பண்ணையில படுக்கணும்," என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

சிரிப்பு அடங்கியதும் செயலாளர் அக்காவைப் பார்த்துப் பேசினார். "டீச்சர், ரெண்டே விஷயந்தான். கழுவற தண்ணி தெருப்பக்கம் வரக்கூடாது. வாடைக்கு ஏதாவது பண்ணுங்க. தொழில் பண்ண வேணாம்னு நாங்க யாரும் சொல்லல."

இரண்டுக்கும் அத்தானிடம் பதில் இருந்தது. கழிவுநீருக்குக் குழி வெட்டியாகிவிட்டது. சாணத்தை மண்ணிட்டு மூடி உரமாக்கத் தொடங்கியிருந்தார். அவர் விளக்க, எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். கூட்டம் அத்துடன் முடிந்திருக்கும். எழுந்திருக்கும்போது ஒரு பெண்மணி யாரிடமோ, "எங்க போரும் நேத்தோட நின்னுபோச்சு," என்று பெருமூச்சு விட்டார். அது எங்களிடம் சொன்னதல்ல. ஆனால் அக்கா நின்றுவிட்டாள்.

"சார், ஒண்ணு சொல்றேன். இனிமே நாங்க மோட்டாரை விடிகாலையில மட்டும் போட்டுக்கறோம். எல்லாரும் தவிக்கும்போது பகல் முழுக்க நாங்க இறைக்கறது நியாயமில்ல."

 செயலாளர் கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். அவருடைய மனைவி உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார். அந்தத் தெருவில் நாங்கள் குடித்த முதல் காபி அது. அக்காவின் முகத்தில் அன்று கண்ட நிம்மதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எனக்கும் அது அழகான செயலாகவே பட்டது. பொதுவான வளத்தை எல்லோரும் பொறுப்புடன் பகிர வேண்டும் என்பதை வேலை நிமித்தம் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை என் அக்கா ஒரே வாக்கியத்தில் செய்து காட்டிவிட்டாள். அத்தான் மட்டும் காபியை முடிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடியலில் நிரப்பும் தொட்டித் தண்ணீரைக் கொண்டே கொட்டகையைக் கழுவுவது, பன்றிகளைக் குளிப்பாட்டுவது, குடிக்க வைப்பது எல்லாம் நடக்க வேண்டியதாயிற்று. முதலில் குளிப்பாட்டுவதைக் குறைத்தோம். பிறகு கழுவுவதைக் குறைத்தோம். சித்திரை வெயில் ஏறியதும் குடிநீர்த் தொட்டிகள் நண்பகலுக்குள் காய்ந்துவிட்டன. காலி சிமெண்டைப் பன்றிகள் மூக்கால் தேய்க்கும் சத்தம் கேட்கும்.

"மத்தியானம் ஒரே ஒரு தடவை போட்டுக்கலாமா?" என்று அத்தான் ஒருநாள் கேட்டார்.

"எப்படிப் போடுறது? சத்தம் அங்க வரைக்கும் கேக்கும். அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவர் மறுபடி கேட்கவில்லை.

வைகாசியில் முகூர்த்தங்கள் நெருங்கி வந்தன. டிரம்கள் ததும்பின. சாம்பார், அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய் என்று எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தன. இலவசமாக இவ்வளவு கிடைக்கும்போது தவிடு எதற்கு என்று அதைப் பெரும்பாலும் நிறுத்தியிருந்தோம். தண்ணீரை மிச்சம் பிடிக்க, அண்டாவில் ஊற்றும் அளவையும் குறைத்தோம். கொதிக்கக் கொதிக்க அந்தக் கூழ் கெட்டியாகி, அதிலிருந்த உப்பும் செறிவானது. நோய்க்கிருமிகளுக்காக அஞ்சி அஞ்சிக் கொதிக்க வைத்த எங்கள் மூவரில் ஒருவருக்கும் உப்பைப் பற்றிய எண்ணம் எழவில்லை. மனிதர் உட்கார்ந்து ருசித்துச் சாப்பிட்ட உணவுதானே அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிந்து பண்ணைக்குப் போனோம். வளர்ந்த பன்றிகளில் ஒன்று சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு அசையாமல் நின்றது. இன்னொன்று ஒரே இடத்தில் வட்டமிட்டது. நான் கையை ஆட்டியபோது அதன் கண்கள் என்னைப் பார்க்கவில்லை. வேறொன்று நாயைப் போலப் பின்னங்கால்களில் உட்கார்ந்து நடுங்கியது. அத்தான் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். வெளியூரில் இருக்கிறேன், மாலைக்குள் வந்துவிடுகிறேன் என்றார் அவர்.

அக்கா காய்ந்த தொட்டிகளைப் பார்த்தாள். நேரே போய் மோட்டாரைப் போட்டாள். குழாயைத் தானே பிடித்துத் தொட்டிகளை நிரப்பினாள். பன்றிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு குடித்தன. "குடிங்கடா, குடிங்க," என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவை தலை நிமிராமல் குடிப்பதைப் பார்த்து எங்களுக்கு உயிர் வந்தது.

மருத்துவர் வந்தபோது பாதிப் பன்றிகள் வலிப்பில் கிடந்தன. அண்டாவில் ஒட்டியிருந்த கூழை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், உடனே துப்பினார்.

"எவ்வளவு நாளா தண்ணி குறைச்சீங்க?"

அத்தான் சொன்னார்.

"இன்னிக்கு?"

"வயிறு நிறையக் குடிக்க வெச்சோம் சார்," என்றாள் அக்கா. அவள் குரலில், கடைசியில் சரியானதைச் செய்துவிட்டோம் என்ற நம்பிக்கை இன்னும் இருந்தது.

மருத்துவர் விரலைத் துடைத்துக்கொண்டார். "உப்பு மூளை வரைக்கும் ஏறியிருக்கும்போது ஒரேயடியா தண்ணி குடிச்சா மூளை வீங்கிடும்மா. கொஞ்சம் கொஞ்சமா, விட்டு விட்டுத்தான் குடுக்கணும்," என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "அது யாருக்கும் தோணாது. படிச்ச எங்களுக்கே முதல் தடவை பாக்கும்போது தோணாது," என்று சேர்த்துக்கொண்டார்.

சில பன்றிகள் பிழைத்தன. மற்றவற்றைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். வண்டிக்காரர் வந்து குழி வெட்ட உதவினார். அன்று அவர் அவற்றை எந்தப் பெயராலும் அழைக்கவில்லை.

செய்தி கேள்விப்பட்டுச் செயலாளர் பண்ணைக்கே வந்தார். அதற்கு முன்பு அவர் அங்கு வந்ததில்லை. காலியான அறைகளைப் பார்த்தபடி நின்றார்.

"டீச்சர், தண்ணியைப் பத்தி நாங்க கேக்கவே இல்லையேம்மா. நீங்களாத்தான் சொன்னீங்க. இதுங்களுக்கு இவ்வளவு தேவைன்னு தெரிஞ்சிருந்தா, வேணாம்னுதான் சொல்லியிருப்போம்."

அவர் அதை ஆறுதலாகச் சொன்னார். அக்காவுக்கு அது ஆறுதலாக இல்லை. குடியிருப்பு வெறுத்திருந்தால் அவளுக்கு ஒரு எதிரியாவது கிடைத்திருக்கும். தாங்கள் அங்கே ஏதோ சலுகையில் இருக்கிறோம், அதற்கு விலையாக எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை யார் அவளுக்குள் வைத்தார்கள் என்று நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பன்றிப் பண்ணைக்காரர்கள் என்பதாலா, வேறு கோயிலுக்குப் போகிறவர்கள் என்பதாலா, குத்தகைக்காரர்கள் என்பதாலா? யாரும் அதைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லாததற்கு அஞ்சி, கேட்காததைக் கொடுத்தோம். விலையை வாயில்லாதவை செலுத்தின.

அத்தான் மீண்டும் தொடங்க விரும்பினார். ஒரு தாய்ப்பன்றி பிழைத்திருந்தது. சினைக்கு விடலாம் என்றார். தீனியை மாற்றிவிடலாம். ஆனால் மோட்டார் பகலிலும் ஓட வேண்டும். அதை அக்காவே போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும், சொல்லாமல் ஓட்டுவது மரியாதையில்லை என்றார். அவருடைய நேர்மையும் இப்படித்தான், சுற்றி வளைத்து எங்கள் கழுத்தையே பிடித்தது. நானும் அவர் பக்கம்தான் பேசினேன்.

ஆராதனை முடிந்த ஒரு ஞாயிறன்று மூவரும் செயலாளர் வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி கேட்டைத் திறந்தார்.

"வாங்க டீச்சர், வாங்க. சர்ச்சுலேர்ந்து நேரா வர்றீங்களா? என்ன விஷயம்?"

அக்கா வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா, பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்."

உட்கார்ந்தோம். மழை எப்போது வரும் என்று பேசினோம். அவர்கள் பேரன் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணைப் பற்றி அக்கா நெடுநேரம் பேசினாள். நானே சொல்லிவிடலாம் என்று இருமுறை எண்ணினேன்; அவளுடைய வாக்கை நான் எப்படித் திரும்பப் பெறுவது என்று இருமுறையும் அடங்கிவிட்டேன். அத்தான் இந்த முறை காபியை முழுவதும் குடித்தார்.

திரும்பி வரும்போது அக்கா எங்களுக்கு முன்னால் நடந்தாள். பண்ணைக்குத் திரும்பும் பாதையைத் தாண்டியும் அவள் நிற்கவில்லை. நாங்களும் அவளை அழைக்கவில்லை.

"காபி நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் அத்தான் என்னிடம்.

அந்த மாதமே தாய்ப்பன்றியை விற்றார். ஆவணி பிறந்தபோது வேளச்சேரிப் பக்கம் ஒரு கடையின் வாசலில், நீலச் சீருடையில், வண்டிகளுக்குக் கதவு திறந்துவிடும் வேலையில் சேர்ந்திருந்தார்.