பொழுது சாயாத தீவில் ஓர் உபவாசம்

1979ஆம் ஆண்டு ஜூலை முதல் வாரத்தில் என் மனைவி எஸ்தர் திருவண்ணாமலையில் சாகக் கிடந்தாள். ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு, குழந்தை இறந்தே பிறந்தது. இரத்தப்போக்கு நிற்கவில்லை. அவள் புருஷனாகிய நான் அந்த நேரத்தில் நார்வே நாட்டின் வடகோடியில், கடல் நடுவே ஒரு தீவில் உட்கார்ந்து உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிவிக்க வேண்டிய தந்தி வேறொரு ஊரில், பூட்டிய வீட்டின் தபால் பெட்டிக்குள் கிடந்தது.

இதை எழுதும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. கோபம் ஆறிய பிறகுதான் சாட்சி சொல்ல வேண்டும் என்று சிலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். ஏழு வருஷம் காத்திருந்து பார்த்துவிட்டேன். ஆறவில்லை. அதனால் உள்ளபடியே சொல்லிவிடுகிறேன், சகோதரரே.

நான் போன காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். திருவண்ணாமலை மிஷன் பள்ளியில் நான் சரித்திர ஆசிரியர். ஹோகன் ஐயா அதே பள்ளியில் தச்சு வேலை சொல்லிக்கொடுத்த நார்வே மிஷனரி. 1968இல் குடும்பத்தோடு வந்தவர். அவர் மனைவி இங்கர் அம்மா பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொண்டார். செங்கம் சாலையில் அவர்கள் வீடு. இரண்டு பெண் பிள்ளைகளும் எங்கள் தெருப் பிள்ளைகளைப் போலவே தமிழ் பேசுவார்கள், புழுதியில் புரளுவார்கள், தலையில் பேனோடு வீட்டுக்குப் போவார்கள். இங்கர் அம்மா காய்கறிக்காரியிடம், "இன்னாம்மா, நேத்தைவிட இன்னைக்கு இவ்ளோ ஜாஸ்தி சொல்றே, வெள்ளைத்தோலுக்குத் தனி விலையா?" என்று சண்டை பிடிப்பதை வேடிக்கை பார்க்க ஆள் சேரும். பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்களுக்காக வீட்டு வாசலில் பானையில் தண்ணீர் வைப்பார். சபை மூப்பர் ஒருவர் அதைக் கண்டித்தபோது, "தாகம் எடுத்தவன்கிட்ட எந்தச் சாமின்னு கேட்டுட்டா தண்ணி ஊத்தறது?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்ட குடும்பத்தை எனக்குப் பிடிக்காமல் இருக்குமா? பிடித்தவர்கள் மேல் வரும் கோபம்தான் பொல்லாதது.

1979 மே மாதம் அவர்கள் விடுமுறைக்கு ஊர் போனார்கள். அங்கே கோடையில் சபைகள் ஒன்றுகூடும். இந்தியாவிலிருந்து ஓர் ஆசிரியர் வந்து பள்ளியைப் பற்றிப் பேசினால் நல்லது என்று என்னையும் அழைத்தார்கள். எஸ்தருக்கு அப்போது ஐந்து மாதம். எனக்குத் தயக்கம். அவள்தான், "போய்ட்டு வாங்க. நீங்க இங்க இருந்து மட்டும் இன்னா பண்ணப் போறீங்க? பேப்பர் படிப்பீங்க. அதை அங்க போய்ப் படிங்க" என்றாள். அவள் தம்பி சாமுவேல் கூட இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

ஜூன் மாதம் முழுவதும் ஊர் ஊராகப் போய்ப் பேசினேன். ஹோகன் ஐயா மொழிபெயர்த்தார். எல்லாரும் அன்பாக இருந்தார்கள். காப்பி மேல் காப்பியாகக் கொடுத்தார்கள். பிறகு ஜூலை வந்தது.

அந்த நாட்டு ஜூலையைப் பற்றி நம்மவர்களுக்குத் தெரியாது. பாதி வருஷம் இருட்டிலும் பனியிலும் கிடக்கிற ஜனங்கள், கோடை வந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடலோரத்துக்கும் காட்டுக்கும் போய்விடுகிறார்கள். அலுவலகங்களில் ஆள் இல்லை. மிஷன் ஆபீசுக்கும் பூட்டு. ஹோகன் ஐயா குடும்பத்துக்கு வடக்கே ஒரு தீவில் மரத்தாலான சின்னக் குடில் இருந்தது. மின்சாரம் கிடையாது, தொலைபேசி கிடையாது. அப்படி இல்லாமல் இருப்பதையே அவர்கள் பெரிய பாக்கியமாக நினைக்கிறார்கள். வாரம் ஒருமுறை தபால் படகு வரும். பகலெல்லாம் தங்கள் சின்னத் துடுப்புப் படகில் போய் மீன் பிடிப்பார்கள், வலையைக் காயவைப்பார்கள், புல்லில் படுத்து வெயிலை மேலெல்லாம் வாங்கிக்கொள்வார்கள். திருவண்ணாமலை வெயிலில் வளர்ந்தவனுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. பொழுது சாய்வதே இல்லை. இரவு முழுவதும் சூரியன் கடல் விளிம்பில் உருண்டுகொண்டே இருக்கும். ஜன்னலுக்குக் கம்பளி கட்டிக்கொண்டு தூங்கினேன்.

தபால் படகு ஒரு வியாழக்கிழமை காலையில் அந்தத் தந்தியைக் கொண்டுவந்தது. ஹோகன் ஐயாவின் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் தற்செயலாகத் தபால் பெட்டியைத் திறந்து பார்த்து அனுப்பியிருக்கிறார். சாமுவேல் அடித்தது. குழந்தை இறந்தது, எஸ்தர் நிலை மோசம், உடனே வரவும். அடித்த தேதியைப் பார்த்தேன். ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தபால் படகு அதற்குள் திரும்பிப் போயிருந்தது.

ஹோகன் ஐயா தந்தியை வாங்கிப் படித்தார். பிறகு சொன்னார்: "சார், இது அடிச்சு ரொம்ப நாள் ஆயிடுச்சு. அங்க நடக்க வேண்டியது நடந்திருக்கும். மிஷன் ஆபீஸ் பூட்டிக் கிடக்கு, டிக்கெட் மாத்த ஆள் இல்ல. அடுத்த படகு வரட்டும். அதுவரைக்கும் அமைதியா ஜெபம் பண்ணுவோம்."

"நடக்க வேண்டியது நடந்திருக்குமா?" என்றேன். "உங்க சம்சாரம் அங்க படுத்திருந்தா இப்படித்தான் பேசுவீங்களா? அமைதியா ஜெபம் பண்றதுக்கு இது என்ன ஞாயித்துக்கிழமை ஆராதனையா?"

அவர் குனிந்து வலையை எடுத்துக்கொண்டார். அது என்னை இன்னும் கொதிக்க வைத்தது. அந்த ஆத்திரத்தில், அவர்கள் எல்லார் முன்னாலும் கையை உயர்த்திச் சொன்னேன்: "அந்தி விளக்கு வைக்கிற வரைக்கும் பச்சத் தண்ணி தொடமாட்டேன். ஆண்டவர் எனக்குப் பதில் சொல்லட்டும்."

நம் சபையில் உபவாசம் எப்போதும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை காலையில் ஆரம்பித்து, சாயங்காலம் வீட்டில் விளக்கு வைத்த பிறகுதான் வாய் நனைப்போம். சிறு வயதிலிருந்து என் வாயில் ஊறிய வார்த்தை. எந்த ஊரில் நின்றுகொண்டு சொல்கிறேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை.

இங்கர் அம்மா மெதுவாகச் சொன்னார்: "சார், இங்க பொழுது சாயாதே. இந்த மாசக் கடைசிக்கு மேலதான் சாயும்."

"சாயற வரைக்கும் இருக்கேன்."

"அதுக்குள்ள நீங்க சாஞ்சுடுவீங்க."

வாய்விட்டுச் சொன்ன பொருத்தனையை வசதிக்காக மாற்ற எனக்கு மனம் வரவில்லை. மாற்றினால் எஸ்தரின் உயிருக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயமும் இருந்தது. பாறை மேல் போய் உட்கார்ந்தேன். அன்று முழுவதும், மறுநாளும், நான் செய்தது ஜெபமா சண்டையா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. 'குழந்தையை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டீர். முகம்கூடப் பார்க்கவில்லை. எஸ்தரையும் எடுத்தால் நான் இனி உம்மோடு பேசமாட்டேன். உமக்குப் பிரியமானவர்கள் யுத்தத்தில் ஜெயிப்பதற்காக ஒரு காலத்தில் சூரியனை நடுவானத்தில் நிறுத்தி வைத்தீரே. எனக்காக அதைக் கீழே இறக்க மட்டும் உமக்கு மனம் வரவில்லையா?' இப்படித்தான் கேட்டேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சூரியன் சிரித்துக்கொண்டே சுற்றி வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குடிலுக்குள் இங்கர் அம்மாவின் குரல் கேட்டது. மற்றவர்கள் முன்னால் சண்டை வந்தால் அவர்கள் தங்கள் மொழியில்தான் முணுமுணுத்துக்கொள்வார்கள். எனக்கும் கேட்கட்டும் என்றுதானோ என்னவோ, அன்று தமிழிலேயே கத்தினார்: "அந்த மனுசன் பாறை மேல செத்துக் கிடப்பார், நீங்க வலைக்கு முடிச்சு போட்டுட்டு இருங்க! அக்கரைல கடையில போன் இருக்கு இல்ல? ஆஸ்பத்திரிக்குப் போடுங்க!"

"அது இந்தியாவுக்கு எங்க கிடைக்கப் போவுது?"

"கிடைக்கலன்னா கிடைக்கலன்னு வந்து சொல்லுங்க. போவாமயே சொல்லாதீங்க."

ஹோகன் ஐயா எழுந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, துடுப்பை எடுத்துக்கொண்டு அந்தச் சின்னப் படகில் ஏறினார். நானும் வருகிறேன் என்றேன். "உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்றார். தெரியாது. எங்கள் ஊரில் இருப்பது ஏரி. கோடையில் அதற்குள் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள்.

அவர் போனபோது கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் போல இருந்தது. சாயங்காலம் காற்று திரும்பியது. தென்மேற்கிலிருந்து மேகம் வந்தது. அப்படி ஒரு மேகத்தை நான் அங்கே அதுவரை பார்த்ததில்லை. மலை மறைந்தது, அக்கரை மறைந்தது, கடலே மறைந்தது. மழை கல்லெறிவது போல விழுந்தது. தள்ளாடித் தள்ளாடிக் குடிலுக்குள் வந்தேன். சின்ன ஜன்னல்கள். உள்ளே எதிரே நிற்கிறவர் முகம் தெரியவில்லை.

இங்கர் அம்மா அலமாரியின் பின்னால் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கோடையில் யாரும் தொடாத மண்ணெண்ணெய் விளக்கு. தூசி படிந்திருந்தது, திரி காய்ந்து கிடந்தது. மூன்று நான்கு தீக்குச்சிகள் வீணாயின. கடைசியில் பற்றிக்கொண்டது. அதைக் கடலைப் பார்த்த ஜன்னலில் வைத்தார், படகுக்கு வழி தெரியட்டும் என்று. பிறகு ஒரு செம்பு நிறையத் தண்ணீரோடு என் முன்னால் வந்து நின்றார்.

"விளக்கு வச்சாச்சு சார். குடிங்க."

என்னால் குடிக்க முடியவில்லை. நான் இருட்டுக் கேட்டேன்; இருட்டு வந்துவிட்டது. அந்த இருட்டுக்குள் அவர் புருஷன் தனியாகத் துடுப்புப் போடுகிறார். இதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாதீங்க. குடிக்கலன்னா ஓங்கி ஒரு அறை விடுவேன். ரெண்டு பேருக்காகப் பயப்பட எனக்குத் தெம்பு கெடையாது."

குடித்தேன். அவர் பிள்ளைகளை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு விளக்குக்கு எதிரே முழங்காலில் நின்றார். கடவுளிடம் தமிழில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "ஆண்டவரே, இவர் கேட்ட இருட்டைக் குடுத்துட்ட. சரி. என் வீட்டுக்காரரைப் பணயம் வச்சா குடுப்ப? அவரைத் திருப்பிக் குடு. எஸ்தரையும் குடு. ரெண்டும் வேணும். ஒண்ணைக் குடுத்து ஏமாத்தாத."

நான் ஆமென் என்றேன். அதுவரை நான் சொன்ன ஆமென்களில் முழுமனதோடு சொன்னது அதுதான்.

மழை விட்டு, மேகம் கிழிந்து, வெளிச்சம் திரும்பிய பிறகு படகு வந்தது. பாதி படகு தண்ணீர். ஹோகன் ஐயாவின் உள்ளங்கைகள் உரிந்திருந்தன. கரையில் நாங்கள் பிடித்து இழுத்தபோது முதலில் அவருக்குப் பல் அடித்துக்கொண்டதில் பேச வரவில்லை. பிறகு வந்தது.

"லைன் கிடைச்சுது சார். எப்படிக் கிடைச்சுதுன்னு அந்தக் கடைக்காரருக்கே புரியல. ஆஸ்பத்திரி மேட்ரன் பேசினாங்க. ஆபரேஷன் ஆச்சு, ரத்தம் ஏத்தினாங்க, காய்ச்சல் விட்டுடுச்சு. இன்னைக்குத்தான் மொதல்ல கஞ்சி குடிச்சாங்களாம். உப்பு கம்மின்னு நர்ஸோட சண்டையாம்."

அது எஸ்தர்தான். வேறு யாரும் இல்லை. ஈரப் படகைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஹோகன் ஐயா என் தோளில் கை வைத்து, "நேத்தே போயிருக்கணும்" என்றார். ஆமாம் என்றேன். இல்லை பரவாயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

மிஷன் ஆபீஸ் திறந்து டிக்கெட் மாற்றி, ஆகஸ்ட் முதல் வாரத்தில்தான் ஊர் வந்து சேர்ந்தேன். எஸ்தர் பாதியாகியிருந்தாள். எங்கள் மகளை அடக்கம் செய்த இடத்தைச் சாமுவேல் காட்டினான். வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள், தேவ சித்தம் என்று. சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

அவள் நடக்கத் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தோம். நம் சபை வழக்கம் உங்களுக்குத் தெரியும். எதற்காக நன்றி என்று உறையின் மேல் எழுதுவோம். செயலாளர் அதைச் சத்தமாக வாசிப்பார். அன்று எஸ்தர்தான் எழுதினாள். என்னிடம் காட்டவில்லை. செயலாளர் எடுத்து வாசித்தார்: "சாகக் கிடந்த எனக்குச் சுகம் தந்ததற்காகவும், என் கணவரையும் ஹோகன் ஐயாவையும் காத்ததற்காகவும் நன்றி." அதோடு நிறுத்திவிட்டு அடுத்த உறையை எடுத்தார்.

பெண்கள் பக்கத்தில் எஸ்தர் எழுந்து நின்றாள்.

"இன்னும் இருக்குது ஐயா. முழுசாப் படிங்க."

"அது... வேணாம்மா. காணிக்கைல அதெல்லாம்..."

"நான் எழுதினது மனுசங்களுக்கு இல்ல. படிங்க."

செயலாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்தி வாசித்தார்: "என் மகளை எடுத்துக்கொண்டதற்காக உம்மேல் கோபமாயிருக்கிறேன்."

செயலாளர் உறையைத் தட்டில் வைத்தார். பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து, யாரென்று தெரியாது, ஒரு குரல் 'ஆமென்' என்றது. இன்னொரு குரல். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் நம் சபையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு என் ஜெபம் மாறிவிட்டது. அழகான வார்த்தைகளை விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் சிலர் கூடுகிறோம். அழுகிறவர் அழலாம், ஆத்திரப்படுகிறவர் ஆத்திரப்படலாம். யாரும் யாரையும் தேவ சித்தம் என்று சொல்லி வாயடைக்கக் கூடாது. அது ஒன்றுதான் விதி. விளக்கு வைத்த பிறகு சேர்ந்து சாப்பிடுகிறோம். உங்களுக்கும் மனதில் நெருப்பு இருந்தால் அதை அணைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு அவரிடம் போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்படியே போங்கள். பாறையில் உட்கார்ந்து நான் பேசிய பேச்சுக்கெல்லாம் அவர் என்னை விட்டுப் போய்விடவில்லை. எஸ்தரைத் தந்தார். புயலுக்குள்ளிருந்து ஒரு மனிதரைத் திருப்பித் தந்தார். அதற்கு என் உயிர் உள்ள நாளெல்லாம் நன்றி சொல்வேன்.

மகளைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவரிடம்தான் கேட்கிறேன்; அதைக் கேட்க நான் வேறு யாரிடமும் போகவில்லை.