எத்தனையாவது நாள்

‘துல்லியம் அக்கா’ என்று பேர் வைத்தவள் நான்தான். ஆய்வுக்கூடத்தில் அவருக்கு எதிர் மேசை எனக்கு. குழாயில் ஒட்டிய சீட்டு ஒரு நூல் கோணலாக இருந்தாலும் கிழித்துவிட்டு மறுபடி ஒட்டுவார். “நீங்க தும்முறதுக்கும் நேரம் குறிச்சு வைப்பீங்களாக்கா?” என்று சீண்டினால் சிரிக்கவும் மாட்டார். அப்பேர்ப்பட்டவருக்குத்தான் இது நடந்தது. எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கருப்பையின் உட்படலத்திலிருந்து கிள்ளி எடுத்த துணுக்கைச் சோதிப்பது எங்கள் வேலை. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அந்தப் படலத்தைத் தடிமனாக வளர்க்கும். பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் வந்ததும் அதற்குள் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்ளும், சில அடங்கிப்போகும். எல்லாம் கூடி வந்தால் ஓரிரு நாள் மட்டும் படலம் கருவை ஏற்கும். எவை விழித்திருக்கின்றன என்று பார்த்து, அந்த நாள் எது என்று கருத்தரிப்புச் சிகிச்சை மையத்துக்கு எழுதுவோம்.

இதில் ஒரு தொல்லை. புரோஜெஸ்டிரோன் ஊசி தொடங்கிய நாளை மையம் ஒன்று என்று எண்ணும், எங்கள் இயந்திரம் பூஜ்ஜியம் என்று எண்ணும். அதனால் படிவத்தில் வரும் எண்ணில் ஒன்றைக் கழித்து இயந்திரத்தில் போடுவோம், முடிவு எழுதும்போது ஒன்றைக் கூட்டிவிடுவோம். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே அக்காதான்.

ஒருநாள் அவருடைய சொந்தத் தங்கையின் துணுக்கு வந்தது. தங்கைக்கு வயது நாற்பத்தொன்று. மையத்தில் உறைய வைத்திருந்தது ஒரே ஒரு கரு. அது போனால் அவ்வளவுதான், இனி முட்டை எடுக்க வழியில்லை என்று மருத்துவர் கையை விரித்திருந்தார்.

“வீட்டு ஆளுங்களுது வந்தா வேற ஒருத்தர் பார்க்கணும்க்கா. என்கிட்ட குடுங்க” என்றேன்.

“நீ சீட்டையே கோணலா ஒட்டுவ. போ” என்றார்.

படிவத்தில் ‘எத்தனையாவது நாள்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. வேறு யாருடையதாக இருந்தாலும் மையத்துக்குப் போன் போட்டிருப்பார். இதற்குத் தேவைப்படவில்லை. திங்கட்கிழமை முதல் ஊசியைத் தங்கைக்குப் போட்டதே அவர் கைதான். துணுக்கு எடுத்தது சனிக்கிழமை. இயந்திரத்தின் கணக்குப்படியே திங்களைப் பூஜ்ஜியமாக வைத்து, நேராக ஐந்து என்று எழுதினார். கழிக்க எதுவும் இல்லை, அதனால் கடைசியில் கூட்டவும் தோன்றவில்லை. ‘ஐந்தாம் நாள் ஏற்கும்’ என்று முடிவு போனது.

கருவை வைப்பதற்காக அடுத்த மாதமும் ஊசி திங்கட்கிழமையே தொடங்கியது. மையம் தன் கணக்கில் ஐந்து எண்ணி, வெள்ளிக்கிழமையே கருவை வைத்துவிட்டது. ஒரு நாள் முந்தி வைத்தும் சிலருக்குத் தங்கியிருக்கிறது. இவளுக்குத் தங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வேறொரு பெண்ணின் படிவத்தில் ஆறு என்று இருந்ததைக் கண்டு, ஒன்றைக் கழித்து எழுதப்போன அக்காவின் கை நின்றது. தங்கையின் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தார். பிறகு கையுறையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன், புரிந்துவிட்டது.

“சொல்லாதீங்கக்கா. அவங்களுக்குத் தெரியப்போறதில்ல.”

“அவ உடம்பைத்தான் குத்தம் சொல்லிட்டிருக்கா. கண்ணாடியில தன்னைப் பார்த்துத் திட்டுறா. சொல்லாம எப்படி?”

தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிப்போனார். தங்கை துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா ஒன்று, பூஜ்ஜியம், ஐந்து, ஆறு என்று விரலை மடக்கி விளக்கினார். எதையும் மறைக்கவில்லை.

“அப்போ என் உடம்புல கோளாறு இல்லியா?”

“இல்லம்மா. சனிக்கிழமை எல்லாம் சரியா இருந்திருக்கும்.”

தங்கை கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

“பதினோரு வருஷம் காத்திருந்தேன்க்கா. இன்னும் ஒரு நாள் இருன்னு சொல்லியிருந்தா, இருந்திருக்க மாட்டேனா?”