அத்தனை போனிலும் ஒரே பழுப்பு

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் ஆம்பூரிலிருந்து வாலாஜாபேட்டை வரை, நான் நடத்திய வாரப் பத்திரிகையைப் படிக்காத படித்தவர் கிடையாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அதை ஆரம்பித்தேன். கம்பெனியில் நான் தோலைத் தரம் பிரிக்கும் மேஜையில் இருந்தவன். ஒரே ஆர்டருக்குப் போகிற தோல்களில் ஒன்று நிறத்தில் ஒரு மாற்று கம்மியாக இருந்தாலும் தூக்கி ரிஜெக்ட்டில் போடுவேன். வெளிநாட்டுக்காரனே என் கண்ணை மெச்சியிருக்கிறான். பத்திரிகையின் பெயரையும் நல்ல ஷூ தோலின் பழுப்பில்தான் அச்சடித்தேன். பள்ளிகொண்டா பஸ்ஸில் யார் மடியில் கிடந்தாலும் நிறத்தை வைத்தே நம்முடையது என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு பெருமையும் உண்டு. அத்தனை வருஷத்தில் ‘வருந்துகிறோம்’ என்று ஒரு திருத்தம்கூட நான் போட்டதில்லை. தவறு வந்ததில்லை என்று சொல்லவில்லை. போட்டதில்லை.

இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு ஊரே போனைப் பார்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. பத்திரிகைக்குப் புது முகமும், போனில் படிக்க ஓர் இணையதளமும் வேண்டும் என்று முடிவு செய்தேன். வேலூரிலிருந்து டிசைன் படித்த ஒரு பெண்ணை அமர்த்தினேன். பெயருக்கு மேலே நான் ஆசையாகப் போட்டிருந்த பேனா, தராசு, உதயசூரியன், குத்துவிளக்கு எல்லாவற்றையும் அவர் எடுத்துவிட்டார். பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன். சில போன்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்ததாம். ஒரு மாதம் ராப்பகலாக உட்கார்ந்து அதைச் சரிசெய்தாராம். அதெல்லாம் சில்லறை வேலை. நிறம்தான் முக்கியம். கம்பெனியிலிருந்து ஞாபகமாக வைத்திருந்த உள்ளங்கை அளவு தோல் துண்டை அவரிடம் கொடுத்து, இதே ஷேடு வர வேண்டும் என்றேன்.

கொடுத்த கையோடு முதல் பக்கத்திலும் போட்டுவிட்டேன்: ‘வரும் வெள்ளிக்கிழமை முதல் நமது பத்திரிகை உங்கள் கைப்பேசியில்!’

புதன்கிழமை அவர் தளத்தைக் காட்ட வந்தார். டியூப்லைட்டில் ஷேடு பார்க்கிறவன் மடையன். அவர் போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். வெயிலில் திரையில் என் முகம்தான் தெரிந்தது. முகத்தில் குறையில்லை, ஆனால் கேட்ட ஷேடு அதுவல்ல. நிழலுக்கு வந்து பார்த்தால் செங்கல் நிறம். என் போனில் வெல்ல நிறம். சந்தேகம் வந்து, அச்சகத்திலும் பக்கத்து டீக்கடையிலும் இருந்த அத்தனை போனையும் வாங்கி மேஜையில் பரப்பி, பழைய பழக்கத்தில் தரம் பிரித்தேன். முதல் தரம் ஒன்றுமில்லை. இரண்டாம் தரம் இரண்டு. மீதியெல்லாம் ரிஜெக்ட். அச்சு மிஷின்காரர் போனில் கத்திரிக்காய் நிறம். நேற்றுத்தான் வாங்கினேன் என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“எல்லாம் ஒரே ஷேடா வரணும்மா.”

“சார், நான் அனுப்பறது ஒரே கலர்தான். போனுக்குப் போன் மாத்திக் காட்டுது. அதுக்கு நான் இன்னா பண்றது?”

“தோலுந்தான் மாட்டுக்கு மாடு மாறுது. நாங்க ஒண்ணாக்கலையா?”

அவர் மேஜையிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை காலையில் வாணியம்பாடியில் பத்திரிகை நடத்தும் என் பழைய தோஸ்த் கூப்பிட்டான். “இன்னாப்பா, நாளைக்கு உன் பேப்பர்ல மொத மொறையா வருந்தப் போறியாமே. எனக்கு ரெண்டு காப்பி எடுத்து வை.” மிஷின்காரர் வாய்தான் அங்கே வரை போயிருக்க வேண்டும். நிறத்தை விட்டால் என் கண்ணுக்கு அவமானம். தேதியைத் தள்ளினால் என் வாக்குக்கு அவமானம்.

சாயங்காலம் அந்தப் பெண் மறுபடி வந்தார். தன் தோள்பையின் உள்ளறையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தார். வாங்கும்போது பையில் தொங்கிக்கொண்டிருந்ததாம். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னார்: இது அசல் தோல், நிறம் சற்று மாறியிருக்கும், அது குறையல்ல, அசல் என்பதன் அடையாளம்.

எனக்குத் தெரிந்த அட்டைதான். எங்கள் கம்பெனியில் பை தைக்கும் பகுதியில் அதை மூட்டை மூட்டையாகக் கட்டுவார்கள். விலைச்சீட்டு என்றுதான் அதுநாள் வரை நினைத்திருந்தேன்.

“அப்போ இத்தினி வருஷம் நான் ரிஜெக்ட்ல போட்டது?”

“எல்லாம் அசல்தான் சார்.”

மிஷின்காரர் போனை வாங்கி, அந்தக் கத்திரிக்காய் நிறத்தை இன்னொரு முறை பார்த்தேன். பிறகு, ‘தோல்’ என்பதை மட்டும் ‘பத்திரிகை’ என்று மாற்றி, அந்த வாசகத்தைத் தளத்தின் அடியில் போடச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சொன்னபடி தளம் வந்தது. தோஸ்த் உடனே கூப்பிட்டு, அவன் போனில் பத்திரிகை பச்சையாகத் தெரிகிறது என்று சிரித்தான். கீழே படி என்றேன். படித்தான்.

“இது வருத்தம்தானே?”

“இல்லப்பா. அடையாளம்.”

அந்த வாசகம் என் சொந்த யோசனை என்றுதான் இன்றைக்கும் ஊரில் சொல்லி வருகிறேன். அந்தப் பெண் இதுவரை மறுக்கவில்லை. மறுத்தாலும் நான் திருத்தம் போடப் போவதில்லை.