தம்பி இடுப்பில் ஓட்டைக் காலணா

சுரங்கம் மூடியபின் கோலார் தங்கவயலை விட்டு அடுகோடிக்கு வந்த எங்கள் வீட்டில், பணத்தைப் பற்றிய அறிவுக்கு மட்டும் குறைவே இருந்ததில்லை. அம்மா பாலுக்குக் கேட்டால் அப்பா, "சல்லிக்காசு இல்ல" என்பார். அம்மாவின் முகம் மாறுவதற்குள் என் பக்கம் திரும்பி, சல்லி என்பது அந்தக் காலத்தில் மிகச் சின்னக் காசு என்று விளக்கத் தொடங்கிவிடுவார். துட்டு டச்சுக்காரர்களின் செப்புக்காசு, பன்னிரண்டு தம்பிடி சேர்ந்தால் ஓரணா என்பதெல்லாம் எனக்கு இப்படித்தான் தெரியவந்தது.

எங்கள் தெருச் சங்கத்தின் பொங்கல் விழாவில் அந்த வருடம் ஒரு புதுப் போட்டி. பணத்துக்குப் பழைய பெயர் ஒன்றைச் சொல்லி, அது வந்த கதையையும் சொல்ல வேண்டும். எந்தப் போட்டியானாலும் எனக்கு ஆறுதல் பரிசாக சோப்பு டப்பாதான். முதல் பரிசு எப்போதும் அடுக்குமாடி வீட்டுப் பையனுக்கு. அவனை ஒருமுறையாவது வாயடைக்க வைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

அவன் துட்டு என்றான், நான் சல்லி என்றேன். பன்றி முத்திரை போட்ட வராகன் என்றான், நான் தம்பிடியை எடுத்துவிட்டேன். அதற்குமேல் அவன் திணறினான். "ஓட்டைக் காலணா" என்றேன். யுத்த காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க, நடுவில் ஓட்டையோடு அடித்த காசு.

நடுவராக இருந்த கம்ப்யூட்டர் கம்பெனி அண்ணன் சிரித்துவிட்டார். "காசுல யாருனா ஓட்ட போடுவாங்களாம்மா? இது செல்லாது."

மேடையிலிருந்து குதித்தேன். அம்மா மடியிலிருந்த தம்பியைத் தூக்கிவந்து சட்டையை உயர்த்தினேன். கண்பட்டுவிடக் கூடாதென்று அவன் அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த காலணா எல்லோருக்கும் தெரிந்தது. நடுவர் குனிந்து தொட்டே பார்த்தார். கூட்டம் விசிலடித்தது.

"எங்கேம்மா இவ்ளோ கத்துக்கின?" என்று மைக்கை நீட்டினார்.

"அம்மா காசு கேக்கும்போதெல்லாம் அப்பா சொல்லுவாருண்ணா."

கைதட்டல் இன்னும் பலமானது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அப்பா மட்டும் டீ குடிக்கப் போய்விட்டார். தன் சரக்கை வைத்து நான் ஜெயித்ததில் அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

பரிசு ஒரு உண்டியல். அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, தெருவெல்லாம் சுற்றித்தான் வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு அடுகோடியே என்னுடையது.

காலையில் எழுந்து ஆட்டிப் பார்த்தபோது உள்ளே காசுகள் குலுங்கின. ஜெயித்தவர்களுக்குப் பணம் தானாக வந்து சேரும்போல என்று எண்ணிக்கொண்டேன். அன்று வீட்டில் எல்லோருக்கும் ஏன் பாலில்லாத டீ என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.