இல்லை என்று நான் சொன்ன பக்கங்கள்

எங்கள் வட்டத்தில் முதலில் நான்கு பேர் இருந்தோம். எழுபதுகளில் தூத்துக்குடியில் ஆங்கில விஞ்ஞானக் கதைகளைத் தேடிப் படித்தவர்கள் வேறு யாரேனும் இருந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது. நாங்கள் நால்வரும் கல்யாணம் ஆகாதவர்கள். ஆகப்போவதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். ஏன் என்று சொல்ல எங்களிடம் சொல் ஏதும் இல்லை. ஊர் வைத்திருந்த சொற்களை நாங்கள் வாயில் எடுப்பதில்லை.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த அக்காவும், பெண்கள் பள்ளியொன்றில் விஞ்ஞானம் நடத்திய டீச்சரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். வாடகைக்காகச் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெருவே நம்பியது. அக்காவின் அண்ணன்மார் சங்கு குளிக்கப் போகிறவர்கள். அவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசையும் சாப்பாடும் முடிந்து மூன்று மணிக்கு அந்த வீட்டு மாடி அறையில் கூடுவோம். பக்கத்து வீட்டாரிடம் வேத வாசிப்பு என்று அக்கா சொல்லி வைத்திருந்தார். வாசிப்பு என்ற மட்டில் அது பொய்யில்லை.

மூன்றாமவன் கப்பல்களுக்குக் காய்கறி, இறைச்சி, கயிறு, பெயிண்ட் எல்லாம் கொடுக்கும் ஒரு கம்பெனியில் கிளார்க். லாஞ்ச் என்ற மோட்டார் படகில் போய்க் கப்பலில் ஏறி ஆர்டர் எடுப்பது அவன் வேலை. மாலுமிகள் படித்துவிட்டுப் போட்ட புத்தகங்களை ஒரு சீப்பு வாழைப்பழத்துக்கு மாற்றிக்கொண்டு வருவான். நான்காமவன் நான். மதுரையிலிருந்து வந்த ஒரு நாளிதழுக்குத் துறைமுகச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். எந்தக் கப்பல் வந்தது, என்ன இறக்கியது, எப்போது புறப்படும்.

ஒரு புத்தகத்தை நான்கு பேர் படிக்க வேண்டும். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க முடியாது. அதனால் புத்தகம் வந்த ஞாயிறே அதை முதுகில் பிளேடு வைத்து நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் காக்கித்தாள் அட்டை போட்டுத் தைத்துவிடுவோம். செய்தித்தாள் வேலையில் பழகிய கை என்பதால் வெட்டுவது என் பொறுப்பு. ஆளுக்கொரு பகுதி. வாரம் ஒருமுறை கை மாறும். முதல் பகுதி கிடைத்தவருக்குக் கதை தொடக்கத்திலிருந்து தெரியும். மூன்றாம் பகுதி கிடைத்தவர், யார் எந்தக் கிரகத்தில் ஏன் அழுகிறார் என்று தெரியாமல் நடுவில் இறங்குவார். தனக்குக் கிடைக்காத பகுதியில் என்ன நடந்திருக்கும் என்று அவர் ஊகித்து எழுதித் தர வேண்டும். அந்த ஊகங்களையும் உறுப்பினர் செய்திகளையும் சேர்த்து, கார்பன் வைத்து நான் கையால் எழுதுவதுதான் எங்கள் மாத இதழ். டீச்சருக்குச் சளி, அக்காவுக்கு இரவுப் பணி, அடுத்த கப்பல் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

பகுதிகளைக் கையில்தான் கொடுக்க வேண்டும், ஆள் மூலம் அனுப்பக் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தோம். யாரிடமிருந்து யாருக்கு என்ற பட்டியலைப் போட்டவன் நான். மூன்று வருடங்களில் வந்த எல்லாப் புத்தகத்துக்கும் கப்பல் கிளார்க்கிடமிருந்து எனக்கு என்றே போட்டேன். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பழைய துறைமுக வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடைக்கு அவன் வருவான். சட்டையில் டீசலும் வெங்காயமும் மணக்கும். ஒரு ஐப்பசியில் கடல் மோசமாகி லாஞ்ச் போகாமல் இருந்தபோது, இரண்டு நாள் என் அறையில் தங்கினான். அதைப்பற்றிப் பிறகு நாங்கள் பேசவில்லை. நான் அதை உறுதியான செய்தியாக எடுத்துக்கொண்டேன். அவன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்பது தெரிய வெகுநாள் ஆயிற்று.

ஐந்தாமவரை அவன்தான் அழைத்து வந்தான். புதுத் துறைமுகக் கட்டுமானத்தில் வரைபடம் போடும் டிராப்ட்ஸ்மேன். பக்கத்து ஊரான நாசரேத்துக்காரர், தலைமையாசிரியர் மகன். அவரை நான் இன்றும் ‘அவர்’ என்றே எழுதுகிறேன். மரியாதைக்காக அல்ல.

புதிதாக வருகிறவரிடம் ஒரு கதையைச் சொல்லி ஒரு கேள்வி கேட்பது எங்கள் வழக்கம். நாங்கள் எப்போதோ படித்த ஒரு சிறுகதை. தூரத்து நட்சத்திரத்துக்குப் போகும் கப்பலில் தளபதி எல்லோரையும் ஜோடி சேரச் சொல்கிறான். ஒருவன் மட்டும் எஞ்சின் அறைக்கு இறங்கிப் போய்விடுகிறான், மேலே வருவதே இல்லை. அவன் ஏன் அங்கே இருந்தான் என்பது கேள்வி. பைத்தியம் என்றவர்களுக்கும் கோழை என்றவர்களுக்கும் காப்பி கொடுத்து நல்லபடியாக அனுப்பிவிடுவோம். டிராப்ட்ஸ்மேனிடமும் கேட்டோம்.

“யாராவது கீழ எறங்கி வருவாங்களான்னு பாத்துக்கிட்டு இருந்திருப்பான்” என்றார்.

டீச்சர் தலையாட்டினார். கப்பல் கிளார்க் அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். நல்ல பதில் என்று எனக்கும் தெரிந்தது. அதுதான் உறுத்தியது. மூன்று வருடத்துக்கு முன் அதே கேள்விக்கு நான் சொன்ன பதில், எஞ்சின் அறையில் சத்தம் அதிகம், யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பது.

அதன்பின் புத்தகங்களை ஐந்தாக வெட்டினோம். பட்டியலை மாற்றி எழுதினேன். கிளார்க்கிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து அக்காவுக்கு, அக்காவிடமிருந்து டிராப்ட்ஸ்மேனுக்கு, அவரிடமிருந்து டீச்சருக்கு, டீச்சரிடமிருந்து கிளார்க்குக்கு. டிராப்ட்ஸ்மேனுக்கு இரண்டு பக்கமும் பெண்கள். கார்பனில் ஐந்தாவது பிரதி மங்கலாகத்தான் விழும். அதை அவருக்குக் கொடுத்தேன். வரைபடத்துக்கு எழுதுகிற பழக்கத்தில், மங்கிய எழுத்துகளின் மேல் மெல்லிய பேனாவால் மறுபடி எழுதிச் சரிசெய்து வைத்துக்கொண்டார். என் பிரதியைவிட அவருடையது அழகாக இருந்தது.

ஊகங்களும் அப்படித்தான். நான் எழுதும் ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். கதையில் கிடைக்கும் தடயங்களை வரிசைப்படுத்தினால் முன்னால் நடந்தது தெரிந்துவிடும். எனக்குத் தொழிலே அதுதான். அவருடைய ஊகம் எப்போதும் தவறு. ஆனால் அவர் எழுதியதைக் கேட்டபின் அசல் பகுதியைப் படித்தால் ஏமாற்றமாக இருக்கும். கிளார்க் அதை வாய்விட்டுச் சொன்னான். ஒரு ஞாயிறு, அடுத்த பட்டியலில் தன்னை அவருக்கு அடுத்துப் போடச் சொல்லிக் கேட்டான். வரிசையை மாற்றினால் குழப்பம் வரும் என்றேன். அவன் சிரித்துவிட்டு விட்டுவிட்டான். அவன் கெஞ்சியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சில நாள் கழித்து, கப்பல் பட்டியல் வாங்கத் துறைமுகம் போயிருந்தபோது, திரும்பி வந்த லாஞ்சிலிருந்து இருவரும் இறங்கினார்கள். டிராப்ட்ஸ்மேன் கையில் கப்பல் சமையல்காரன் கொடுத்த ஆப்பிள் இருந்தது. கப்பலுக்கு என்னையும் ஒருமுறை கூட்டிப் போ என்று நான் மூன்று வருடமாகக் கேட்டிருக்கிறேன். வெளியாளுக்குப் பாஸ் கிடைக்காது என்பதுதான் அவன் பதில். இப்போது எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. அந்த வாரம் ஒரு கப்பலின் சரக்கைத் தவறாக எழுதி, மறுநாள் பத்திரிகையில் திருத்தம் போட வேண்டி வந்தது.

நான் இங்கே சொல்ல வந்த புத்தகம் அதற்கு அடுத்த மாதம் வந்தது. ஒரு கிரேக்கக் கப்பலின் ரேடியோ ஆபீசர் அதைப்பற்றிக் கிளார்க்கிடம் முன்பே சொல்லியிருந்தார். ஆளில்லாத கிரகத்தில் மாட்டிக்கொண்ட இரண்டு ஆண்கள். எங்கள் கதைகளில் எட்டுக் கால் பிராணிகளும் பேசும் பாசிகளும் இருந்தன. எங்களைப்போல் யாரும் இருந்ததில்லை. பாசிகளிடம் எங்களைத் தேடிக்கொண்டிருந்தோம். இந்தக் கதையில் இருவரும் ஒருவரை ஒருவர் நேசிக்கிறார்கள், அது தெளிவாக எழுதியிருக்கிறது என்று ரேடியோ ஆபீசர் சொன்னாராம். கிளார்க் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டு வந்தான். ஊகம் எல்லாம் வேண்டாம், இதை வரிசையாகவே படிப்போம் என்று டீச்சர் சொன்னார். ஆளுக்கு ஒரு பகுதியைச் சத்தமாக வாசிப்பது, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பகுதி என்று முடிவாயிற்று. கடைசிப் பகுதியை டிராப்ட்ஸ்மேன் வாசிக்க வேண்டும் என்று கிளார்க் கேட்டான். எல்லோரும் சரி என்றார்கள். நானும் சரி என்றேன்.

பகுதிகளை வெட்டித் தைக்க வீட்டுக்கு எடுத்துப் போனேன். கடைசிப் பகுதியை மட்டும் முன்கூட்டியே படித்தேன். மீட்பு விண்கலம் இறங்குகிறது. உள்ளே ஒரே ஒரு இருக்கை. அந்த இடத்தில் அத்தியாயம் முடிகிறது. அதன்பின் ஆறு தாள்கள். படித்தேன். டிராப்ட்ஸ்மேனின் குரல் நன்றாக இருக்கும், நாசரேத்தில் கோவில் பாட்டுக்குழுவில் பாடியவர். அந்தக் குரலில் அந்த ஆறு தாள்களையும் வாசிப்பார், கிளார்க் கேட்டுக்கொண்டிருப்பான் என்று நினைத்துப் பார்த்தேன். பிளேடை எடுத்து அவற்றை வெட்டினேன். கப்பல் புத்தகங்களில் பக்கம் இல்லாமல் வருவது சாதாரணம். கடைசிப் பகுதிக்குரிய ஞாயிறு வந்ததும், முடிவுத் தாள்கள் இல்லை என்று அறிவித்தேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கிளார்க் டிராப்ட்ஸ்மேனிடம், முடிவை நீங்களே எழுதுங்கள் என்றான். இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அவர் எழுதிக் கொண்டுவந்ததை அடுத்த வாரம் வாசித்தார். இரண்டு ஆண்களும் விண்கலத்துக்குள் ஏறி, அந்த இருக்கையை அடியோடு பிடுங்கி வெளியே எறிகிறார்கள். தரையில் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்து, உடம்பெல்லாம் அடிபட்டு, எங்கே இறங்குவோம் என்று தெரியாமல் போகிறார்கள். அவ்வளவுதான். டீச்சர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் முன்னால் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. கிளார்க் சுவரைப் பார்த்தபடி இருந்தான்.

எல்லோரும் படி இறங்கும்போது அக்கா என்னைக் காப்பி டம்ளர்களை எடுத்து வைக்கச் சொல்லி நிறுத்தினார். மற்றவர்களோடு கீழே இறங்கி அவர்களை வாசல்வரை அனுப்பிவிட்டு மேலே வந்தார்.

“ஏலே ரிப்போர்ட்டர், கப்பல்ல வார புஸ்தகத்துல தாளு போனா பிஞ்சில்லா போவும். இது பிளேடு வச்சி வெட்டுனது. ஸ்கேலு வச்சி வெட்டுன மாதிரி இருக்கு.”

நான் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“இந்த ஊர்ல நமக்குன்னு இருக்கது இந்த ஒரு ரூமுதான். வெளிய பூரா பொய் சொல்லிட்டுத்தான் இங்கன வாரோம். நீ இங்கனயும் வந்து சொல்லிட்டியே.”

யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்றேன்.

“நான் எதுக்குச் சொல்லுதேன். நீயே சொல்லு. அவன் கெளம்புததுக்கு முன்னால சொல்லிரு.”

கிளார்க் கிளம்புகிறான் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். ஊர் முழுக்கச் செய்தி சேகரிக்கிறவனுக்கு அது மட்டும் தெரிந்திருக்கவில்லை. டிராப்ட்ஸ்மேனுக்கு விசாகப்பட்டினத்தில் துறைமுக வேலை கிடைத்திருந்தது. கிளார்க்குக்கு வீட்டில் விளாத்திகுளம் பக்கம் பெண் பார்த்து, பேச்சு முடியும் நிலை. சரி என்று சொல்வதா, ஊரைவிட்டுப் போவதா என்று இரண்டு மாதமாகத் தவித்திருக்கிறான். டிராப்ட்ஸ்மேன் கூப்பிட்டும் பதில் சொல்லாமல் இருந்தானாம். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கும்போது வருகிறேன் என்று சொல்லிவிட்டான். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கிற அக்காவுக்குத் தெரியாதது அந்த ஊரில் குறைவு. ஆனால் இதை அவனே அக்காவிடம் சொல்லியிருந்தான். என்னிடம் சொல்லவில்லை.

அவர்கள் கிளம்பிய அன்று மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போனேன். ஆறு தாள்களும் என் பையில் இருந்தன. டிராப்ட்ஸ்மேன் பெட்டிகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். கிளார்க் பிளாட்பாரத்தில் நின்று, வந்ததற்குச் சந்தோஷம் என்பதுபோல் ஏதோ சொன்னான். அவன் சட்டை புதிது, எந்த மணமும் இல்லை. நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். புத்தகத்தில் முடிவு இருந்தது, வெட்டி எடுத்தது நான்.

அவன் கோபப்படுவான் என்று இருந்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். மூன்று வருடத்தில் ஒருமுறையாவது என் பொருட்டு அவனுக்கு ஏதாவது ஆகட்டும் என்றுகூட இருந்தது.

“என்ன முடிவு?” என்று கேட்டான்.

இருவரில் மூத்தவன் இருக்கையில் ஏறிப் போய்விடுகிறான் என்றேன். திரும்பி வருவதாகச் சொல்கிறான், வருவதில்லை. மற்றவன் அங்கேயே வயசாகிச் சாகிறான்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். டிக்கெட்டை இரண்டு விரலால் மடித்து மடித்து விரித்தான். பிறகு என் கையைப் பிடித்தான்.

“அத அன்னிக்கு வாசிச்சிருந்தா நான் விளாத்திகுளத்துக்குத்தாம்லே போயிருப்பேன்” என்றான். “எனக்காவ வெட்டுனியா? நல்லது பண்ணுன.”

மாப்பிள்ளைக் கோலத்தில் அவனை விளாத்திகுளத்தில் நினைத்துப் பார்த்தேன். அங்கிருந்து தூத்துக்குடிக்கு முப்பத்தைந்து மைல்தான். வெள்ளிக்கிழமைகளில் வந்திருப்பான். என் கையாலேயே அந்த வெள்ளிக்கிழமைகளை வெட்டி எறிந்திருக்கிறேன். உனக்காக அல்ல, அவர் குரல் உன் காதில் விழக் கூடாது என்பதற்காக என்று சொல்லியிருக்க வேண்டும். தவறான செய்திக்குத் திருத்தம் போடுவது எனக்குப் புதிதல்ல. அவன் அவ்வளவு அன்பாக என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை, ஐப்பசியிலும் அப்படிப் பார்த்ததில்லை.

நான் திருத்தவில்லை. ஜன்னலுக்குள்ளிருந்து டிராப்ட்ஸ்மேன் அவனை ஏறச் சொன்னார். அவன் கையை விட்டுவிட்டு ஏறினான். இடம் நெருக்கமாக இருந்தது. அவர் நகர்ந்து, பாதி இருக்கையை அவனுக்கு விட்டார்.