முரளி கழற்றிக் கொடுத்த கதவு

இன்று மதியம் டெக்சாஸின் பேர்லேண்டில் நடந்த பழைய கார் கண்காட்சிக்கு நண்பன் முரளியோடு போயிருந்தேன். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஜங்க்யார்டுகளில் ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கி, தானே பூட்டிய அறுபத்தேழு மாடல் மஸ்டாங்கை அவனும் அங்கே நிறுத்தியிருந்தான்.

ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் அதன் வலப்பக்கக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதன் அடியில் முக்கோணமாக ஒரு வெல்டிங் இருக்கும், நான் வைத்தது. என் வண்டி வீட்டு வாசலிலிருந்து திருடு போயிற்று" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

முரளி குனிந்து தடவிப் பார்த்தான். இருந்தது.

"நான் முறைப்படி வாங்கியதுதான்" என்றான்.

"தெரிகிறது. உங்கள்மேல் தப்பில்லை" என்றார் அவர்.

எங்களோடு வந்திருந்த முரளியின் மனைவி வசந்தி மெதுவாகத் தமிழில் சொன்னாள். "திருட்டுப் பொருள்னு தெரிஞ்சப்புறமும் வெச்சுக்கிட்டா அது லீகல் இல்லைங்க. கழட்டிக் குடுத்துடுங்க."

"ஒரு வருஷம் தேடின கதவு வசந்தி."

அப்படிச் சொன்னாலும் முரளி டூல்பாக்ஸை எடுத்தான். நான் கதவைத் தாங்கிக்கொள்ள, போல்ட்டுகளைக் கழற்றினான். இருவருமாக அதை அவருடைய பிக்கப் டிரக்கில் ஏற்றினோம்.

"ஒற்றைக் கதவை வைத்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"மற்ற பாகங்களையும் தேடுவேன்" என்றார்.

அவர் போனதும் முரளி தன் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, ஒவ்வொரு பாகமாகப் பார்த்தான்.

டெக்சாஸில் ஒரு கதவு இல்லாமல் ஃப்ரீவேயில் போகலாமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாங்கள் யாரையும் கேட்காமலேயே அந்த வண்டியில் வீடு வந்து சேர்ந்துவிட்டோம்.