முதுகுக்குப் பின்னால் சூரியன்

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரியும். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து பாத்திரம் தேய்க்கப் போகிறவள் நான். பத்தாவதுதான் படித்திருக்கிறேன், ஆனாலும் அதிலெல்லாம் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் தில்லியில் அரசாங்க வேலையில் இருந்தார். ஆறு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். அவருக்குத் தரங்கம்பாடிப் பக்கம், நான் திண்டுக்கல்காரி. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு மாலை என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார், அதற்குப் பிறகு நான் கடலைப் பார்த்ததே இல்லை. போட்டோகூட எடுக்கவில்லை. அவர் போன பிறகு அந்த மாலையும் மனதில் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டே வந்தது. அவர் எனக்கு வலப்பக்கம் நின்றாரா, இடப்பக்கம் நின்றாரா என்பதே மறந்துபோனது. முழுதும் போவதற்குள் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான், நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிற நான், கரோல் பாக்கில் ஒரு மாடியறையில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஆயில் பெயிண்டிங் வகுப்பில் சேர்ந்தேன்.

சொல்லிக்கொடுக்கும் மேடம் பஞ்சாபி, என்னைவிடச் சின்னவர். முதலில் வானம், அப்புறம் தூரத்துக் கடல், அலை, கடைசியில் கிட்டத்து மணல் என்று வரிசையாகப் போடச் சொன்னார். என் அலைகள் ஒரு மாதம் சோப்பு நுரை மாதிரியே இருந்தன.

"தீதி, சாயங்காலம்னா சூரியன் எங்கே? கடல்ல இறக்குங்க" என்றார் இந்தியில்.

"இல்லை ஜி, எங்க பக்கத்துக் கடல்ல சாயங்காலம் சூரியன் முதுகுக்குப் பின்னால இருக்கும்."

"அரே! அப்ப முன்னால என்னதான் இருக்கும்?"

"நம்ம நிழல்."

அவர் சிரித்துவிட்டார். "அச்சா, நிழலையே போடுங்க. ஒண்ணா, ரெண்டா?"

எந்தப் பக்கம் என்று தெரியாமல் என் வீட்டுக்காரரை நான் எங்கே நிறுத்துவேன்?

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எதிர்வீடு தெரியாத பனி. மகள் நித்யா தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். கதவை உள்பக்கம் தாழ் போட்டுவிட்டு, கேன்வாஸை நாற்காலியில் சாய்த்து, மணல் முழுவதையும் பூசி முடித்தேன். நடுவில் என் நிழலை மட்டும் போட்டேன், புடவைத் தலைப்பு காற்றில் பறக்கிறமாதிரி. இரண்டு பக்கமும் வெறும் மணல். டீ போட அடுப்படிக்குப் போனேன், பத்து நிமிஷம்கூட இருக்காது.

திரும்பி வந்தபோது என் நிழலுக்கு இடப்பக்கம் இன்னொரு நிழல் இருந்தது.

ஒரு தோள் சற்று இறங்கி நிற்கிற அந்த நிலை அவருடையதுதான். கையில் ஏதோ தொங்கியது. கிட்டே போய்ப் பார்த்தால், ஒரு ஜோடி செருப்பு. அப்போதுதான் எனக்கு நினைவே வந்தது. மணலில் நான் தடுமாறியதைப் பார்த்து, என் செருப்பைக் கழற்றச் சொல்லி அவரே தூக்கிக்கொண்டு நடந்தார். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று நான் கெஞ்சினேன். "பாத்துட்டுப் போறாங்க, வா" என்றார். எனக்கே மறந்துபோன விஷயம், மகளிடம்கூடச் சொன்னதில்லை.

தொட்டுப் பார்த்தேன். ஆயில் பெயிண்ட் காய நாள் கணக்காகும், குளிரில் இன்னும் தாமதம். சுற்றியிருந்த மணல் ஈரமாக விரலில் ஒட்டியது. அந்த நிழல் மட்டும் கல் மாதிரிக் காய்ந்திருந்தது.

"நீதான் போட்டு மறந்திருப்பம்மா, பக்கா" என்றாள் நித்யா. "அப்பாவாவது, உன் செருப்பைத் தூக்கறதாவது!"

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் மேடம் அந்த நிழலைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டிப் பார்த்தார். "இது வருஷக்கணக்கா காய்ஞ்ச பெயிண்ட், தீதி. பழைய கேன்வாஸ் மேலயா வரைஞ்சீங்க?" என்றார். அவரே கடைக்கு வந்து எடுத்துக்கொடுத்த புதுக் கேன்வாஸ் அது.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வானம், கடல், மணல் எல்லாம் காய்ந்துவிட்டன. நம்பினால் நம்புங்கள், என் நிழல் மட்டும் இன்னும் காயவில்லை. நேற்றுக் காலையும் தொட்டேன், விரலில் பழுப்பு ஒட்டியது. கழுவ மனம் வராமல் அப்படியே வகுப்புக்குப் பஸ் ஏறினேன்.